கொடையாளர் பட்டியலில் ஒரு பெயர்

நான் ஓய்வுபெற்று இரண்டு வருடமாகிறது. போன மாதம் என் பழைய நூலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆவணக் காப்பகத்தையும் நிதி சேர்ப்புப் பிரிவையும் ஒரே மாடியில், ஒரே அறையில் இருத்தப் போகிறார்களாம். அங்கே புதிதாகச் சேர்ந்த இளம் ஆட்கள் கேட்டிருந்தார்கள்: "நீங்கள் இரண்டு பக்கத்தோடும் வேலை செய்தவர். சேர்ந்து வேலை செய்வது எப்படி என்று ஐந்து குறிப்புகள் எழுதித் தருவீர்களா?"

ஐந்து குறிப்பு எழுதுமளவுக்கு எனக்கு அறிவில்லை. ஒரு பிழையை எழுதுமளவுக்கு ஞாபகம் இருக்கிறது. அவர்களுக்கு டெனிஷில் ஒரு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். அதில் சரியாகச் சொல்ல வராததை இங்கே தமிழில் எழுதுகிறேன். நூலகத்தின் பெயர் வேண்டாம். டென்மார்க்கில் யூலாந்துப் பக்கம் ஒரு பல்கலைக்கழக நூலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எண்பதுகளில் இலங்கையிலிருந்து அகதியாக வந்தேன். மொழி வகுப்பு, வடக்கே ஒரு மீன் தொழிற்சாலை, பிறகு ஓல்போர்க்கில் நூலகப் படிப்பு. மீன் தொழிற்சாலையில் கைதான் விறைத்தது. நூலகப் படிப்பில் மூளையும் விறைத்தது. ஜெயசீலன் என்ற என் பெயரை டெனிஷ்காரர் 'யேயா' என்று சுருக்கினார்கள். முதலில் கோபம் வந்தது. பிறகு நானே தொலைபேசியை எடுத்து "யேயா பேசுகிறேன்" என்று சொல்லத் தொடங்கிவிட்டேன்.

வேலை கற்றுத் தந்தவர் ஹென்னிங். ஆவணக் காப்பகத்தின் தலைவர். மெலிந்த, உயரமான மனிதர். சரியாகப் பதினொன்றரைக்குத் தன் மதிய ரொட்டிப் பெட்டியைத் திறப்பார். அந்த நேரம் மன்னர் குடும்பத்து ஆவணம் வந்தாலும் வெளியே நிற்க வேண்டியதுதான். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நான் எழுதிக் கொடுக்கும் விவரணத்தில் பிழை இருந்தால் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தருவார். என்ன பிழை என்று சொல்ல மாட்டார். நான் தலையைப் பிய்த்துக்கொள்வேன். எல்லாம் சரியாக இருந்தால், "பாவிக்கலாம்" என்பார். அத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த ஆகப் பெரிய பாராட்டு அதுதான்.

யாராவது தங்கள் குடும்பக் காகிதங்களைக் கொண்டுவந்தால் அவருக்கென்று ஒரு முறை உண்டு. கொண்டுவந்தவரின் முன்னாலேயே பெட்டியைத் திறக்க வேண்டும். ஒவ்வொன்றாக எண்ணி, பென்சிலால் பட்டியல் எழுதி, அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். துருப்பிடித்த கிளிப்புகளையும் ரப்பர் வளையங்களையும் கழற்ற வேண்டும். ஆனால் அவர் அடுக்கியிருந்த ஒழுங்கை மாற்றக் கூடாது. திகதி முன்னுக்குப் பின்னாக இருந்தாலும் அப்படியே விட வேண்டும். கடைசியாகக் கொடைப் பத்திரத்தில் கையெழுத்து. முதல் வருடத்துக்குள் மனம் மாறினால் காரணம் சொல்லாமல் திருப்பி எடுக்கலாம் என்று ஒரு வரியை ஹென்னிங் அதில் தன் கையால் சேர்த்து வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் முன்னால் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இது யாருடையது?"

கடிதமென்றால் அந்தக் கேள்வி இரண்டாகப் பிரியும். தாள், கடிதம் கிடைத்தவருக்குச் சொந்தம். எழுதிய சொற்கள், எழுதியவருக்குச் சொந்தம். அதனால் எங்கள் பத்திரத்தில் 'எழுதியவரின் அனுமதி' என்று ஒரு கட்டம் இருந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளவில்லை.

இனி மேல்மாடிக்காரர். நாங்கள் நிலக்கீழ் அறையில். நிதி சேர்ப்புப் பிரிவு மூன்றாம் மாடியில், பெரிய யன்னலும் நல்ல கோப்பி இயந்திரமுமாக. அவர்களின் வேலை, நூலகத்துக்குக் கொடுக்கக்கூடியவர்களைத் தேடிப்பிடிப்பது, கொடுத்தவர்களை மறக்காமல் வைத்திருப்பது. எங்களைப் பொறுத்தவரை அவர்கள் சந்தையில் கூவி விற்கிறவர்கள். அவர்களைப் பொறுத்தவரை நாங்கள் வைக்கோற்போரில் படுத்த நாய்கள். இரண்டு பக்கத்திலும் கொஞ்சம் உண்மை இருந்தது. ஒரே ஆள் எங்களிடம் பெட்டியையும் அவர்களிடம் காசோலையையும் கொடுத்திருப்பார். எங்கள் பத்திரத்தில் காகிதத்தைப் பற்றி எல்லாம் இருக்கும், அவர்கள் அட்டையில் ஆளைப் பற்றி எல்லாம் இருக்கும். இரண்டையும் ஒரு மேசையில் வைத்துப் பார்த்தவர் எவருமில்லை.

மேல்மாடியில் மெரெத்தா இருந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். வேகமாக நடப்பாள், வேகமாகச் சிரிப்பாள். டென்மார்க்குக்கு வந்த அகதிகளின் கடிதங்களையும் படங்களையும் சேர்த்து ஒரு தொகுப்பாக்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை. நிர்வாகம் 'வெளியிலிருந்து உதவி வந்தால் பார்க்கலாம்' என்று கையை விரித்துவிட்டது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல, ஒரு நாள் மெரெத்தாவே கீழே இறங்கி வந்து, ஓர் அறக்கட்டளை இப்படியொன்றைத்தான் தேடுகிறது என்றாள். அதற்காக இரண்டு வருடம் அலைந்தாள். அவளைப் பற்றிய என் அபிப்பிராயம் அப்போதுதான் மாறத் தொடங்கியது.

அந்தத் தொகுப்புக்குக் கடிதம் கொண்டுவந்தவர்களில் ஒருவர் றீற்றா அக்கா. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். பிரெடெரிசியா நகரில் ஒரு வயோதிபர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. ஊரில் போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் பங்குனி மாதம், மகள் டயானாவோடு புகையிரதத்தில் வந்தார். கையில் ஒரு சப்பாத்துப் பெட்டி.

"இதுக்குள்ளை பதினொரு கடிதம் இருக்கு தம்பி. எல்லாம் அண்ணை எழுதினது. நான் எடுத்து எடுத்து வாசிச்சு மடிப்பெல்லாம் கிழியப் பாக்குது."

"வீட்டிலை வைச்சிருக்கலாமே அக்கா. ஏன் இங்கை தாறியள்?" இதைக் கேட்காமல் எதையும் வாங்கக் கூடாதென்பது ஹென்னிங்கின் சட்டம்.

"இங்கை ஒரு அரசாங்க இடத்திலை அவற்ர பேர் பதிஞ்சு கிடக்கட்டும். நாளைக்கு ஆரும் அப்பிடி ஒராள் இருக்கேல்லை எண்டு சொல்லக்கூடாது."

அண்ணன் மரியதாஸ் மாஸ்ரர் கணித ஆசிரியர். போர் துரத்தத் துரத்தப் பிள்ளைகளோடு இடம்பெயர்ந்தவர். விடத்தல்தீவு, மல்லாவி, கிளிநொச்சி, கடைசியாகத் தருமபுரம்; ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு முகவரி. உள்ளே ஆட்டு விலை, பரீட்சை முடிவு, தங்கைக்கு ஒரு நக்கல். 'டென்மார்க்கில் ஆறு மாதம் இருட்டாம், நீ சின்ன வயதிலேயே இருட்டுக்குப் பயந்தவள், எப்படிச் சமாளிக்கிறாய்' என்று ஒன்றில் எழுதியிருந்தார். ஒரு படமும் இருந்தது. மரத்தில் கரும்பலகை தொங்குகிறது, அதன் பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு மாஸ்ரர். தை மாதத்துக்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

பட்டியல் எழுதினேன், வாசித்துக் காட்டினேன். எழுதியவரின் அனுமதி என்ற கட்டம் வந்தது. 'தொடர்புகொள்ள முடியவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனேன். அக்கா அந்த வரியைப் பார்த்தார். பிறகு கையெழுத்து வைத்தார்.

வைகாசியில் எல்லாம் முடிந்தது. அந்த நாட்களை நான் விவரிக்கப் போவதில்லை. வாசிக்கிறவர்கள் எல்லோருக்கும் அவரவர் வைகாசி ஒன்று இருக்கும். நான் வேலைக்குப் போனேன், கிளிப்புகளைக் கழற்றினேன், கழிவறையில் போய் அழுதேன், திரும்பி வந்து கழற்றினேன். ஹென்னிங் அந்தக் கிழமை முழுவதும் பதினொன்றரைக்குத் தன் ரொட்டியில் ஒரு துண்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

றீற்றா அக்கா தேடத் தொடங்கினார். முகாம்களுக்குக் கடிதம், செஞ்சிலுவைச் சங்கம், கொழும்பில் ஒரு பாதர், முகாமிலிருந்து வெளியே வந்தவர்களின் தொலைபேசி எண்கள். சிலரின் ஆட்கள் உண்மையாகவே திரும்பக் கிடைத்தார்கள். அதனால் நம்பிக்கையை விடவும் முடியாது.

கார்த்திகையில் அறக்கட்டளைக்காரர் தொகுப்பைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. கொடுத்தவர்களையும் அழைப்போம் என்றாள் மெரெத்தா. எதைக் காட்சிக்கு வைக்கலாம் என்று கேட்டாள். மரியதாஸ் மாஸ்ரரின் படத்தைத்தான் நான் எடுத்துக் கொடுத்தேன். அதைவிட நல்ல படம் எங்களிடம் இருக்கவில்லை. பெரிதாக்கிச் சட்டம் போட்டார்கள். பக்கத்தில் ஒரு கடிதத்தின் பிரதி.

அவர்கள் வரும் நாளன்று மதியம் நான் கீழிருந்து போய் அறையைச் சோதித்தேன். பெயர் எழுத்துகள் சரி. மூலம் இல்லை, பிரதிதான், சரி. படத்தின் முன்னால் வெள்ளைத் துணி விரித்த மேசை, அதில் ஒரு சாடி வெள்ளைப் பூ, இரண்டு பக்கமும் இரண்டு மெழுகுதிரி. மெழுகுதிரியைக் கண்டதும் நான் கேட்டேன், "மூலப் பத்திரம் எதுவும் கிட்ட இல்லையே?" இல்லை என்றாள் மெரெத்தா. சரி என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

இந்த நாட்டில் ஐப்பசி பிறந்தால் மெழுகுதிரி இல்லாத மேசை கிடையாது. கோப்பிக்கு மெழுகுதிரி, கூட்டத்துக்கு மெழுகுதிரி, பல் வைத்தியரிடம் போனால் காத்திருக்கும் அறையிலும் மெழுகுதிரி. அவர்களுக்கு அது வெளியே இருட்டு, உள்ளே நாங்கள் சந்தோசமாக இருக்கிறோம் என்பதற்கு அடையாளம். இருபத்தைந்து வருடத்தில் நானும் பழகிவிட்டேன். ஆவணக் காப்பாளனாக அதில் நெருப்பைப் பார்த்தேன். தமிழனாகப் பார்க்க மறந்துபோனேன். எனக்கு மன்னிக்க முடியாதது அதுதான்.

றீற்றா அக்கா நீலச் சேலை கட்டி, மேலே குளிர் கோட்டோடு வந்தார். டயானா பின்னால். வாசலில் கோட்டைக் கழற்றிக் கொடுத்தார், என்னைக் கண்டு சிரித்தார், திரும்பினார். படத்தைப் பார்த்தார். அப்படியே நின்றார். பிறகு என் கையைப் பிடித்து, மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"செய்தி எப்ப வந்தது தம்பி?"

"என்ன செய்தி அக்கா?"

"மறைக்காதேங்கோ. இந்த நூலக ஆக்கள் அரசாங்கம்தானே, இவைக்கு வந்திருக்கும். எந்த இடத்திலையாம்?"

அப்போதுதான் நான் அந்த மேசையைப் பார்த்தேன். படம், வெள்ளைப் பூ, இரண்டு பக்கமும் எரியும் திரி. "ஒரு செய்தியும் இல்லை அக்கா. சத்தியமாய் இல்லை. இது சும்மா வைச்சது," என்றேன். அவர் நம்பவில்லை. நான் பயத்தில் மறைக்கிறேன் என்றுதான் நினைத்தார். மகள்தான் தாயின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "அம்மா, பாருங்கள். எல்லா மேசையிலும் இருக்கிறது," என்று டெனிஷில் சொன்னாள். கோப்பிக் குவளைகளுக்கு நடுவில், பிஸ்கட் தட்டுகளுக்குப் பக்கத்தில், எல்லா மேசையிலும் திரி எரிந்துகொண்டிருந்தது. அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு கதிரையில் உட்கார்ந்தார்.

மெரெத்தா ஓடி வந்தாள். இரண்டு வசனத்தில் சொன்னேன். அவளுக்கு உடனே விளங்கியது. அவளுடைய தாய் இருந்த வயோதிபர் இல்லத்தில், யாராவது இறந்தால் விறாந்தையில் சின்ன மேசை போட்டுப் படமும் மெழுகுதிரியும் வைப்பார்களாம். அக்கா வேலை செய்யும் இடத்திலும் அதே வழக்கம்தான். மெரெத்தா திரியை ஊதி அணைக்கக் குனிந்தாள்.

"வேண்டாமெண்டு சொல்லுங்கோ தம்பி," என்றார் அக்கா. "அவற்ர முகத்துக்கு முன்னாலை ஊத வேண்டாம்."

எரிந்தபடியே இரண்டு திரியையும் நான் தூக்கிக்கொண்டுபோய்க் கோப்பி மேசையில் வைத்தேன். பூச்சாடியை மெரெத்தா எடுத்துப் போனாள். பேச்சுகள் நடந்தன. அக்கா முடியும்வரை இருந்தார். போகும்போது, "கடிதங்களைத் தாங்கோ தம்பி, நான் கொண்டு போறன்," என்றார். பிறகு, கோபமில்லாமல், இதையும் சொன்னார். "மரிச்ச ஆத்துமாக்களின்ர நாளுக்கு அம்மாவுக்கும் அப்புவுக்கும் திரி கொளுத்தினனான். அண்ணைக்குக் கொளுத்தேல்லை. நான் கொளுத்தாததை நீங்கள் கொளுத்திப்போட்டியள்."

மூலப் பெட்டி நிலக்கீழ் அறையில், ஹென்னிங் சாவி வைத்திருக்கும் அலுமாரியில் இருந்தது. அவர் அன்று வந்திருக்கவில்லை. அடுத்த நாள் காலை அவரிடம் சொன்னேன். தொகுப்பின் முக்கியமான பெட்டி போய்விட்டால் அறக்கட்டளை என்ன சொல்லுமோ தெரியாது, மெரெத்தாவின் இரண்டு வருட உழைப்பு, என்னுடைய பல வருட ஆசை, எல்லாம் போய்விடும் என்றும் சொன்னேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"இது யாருடையது?"

"அவருடையது."

"அப்படியானால் ஏன் இன்னும் இங்கே இருக்கிறது?"

பெட்டியைக் கொண்டுபோக மெரெத்தாவும் வந்தாள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டவர் வீட்டுக்கு நிதி சேர்ப்பவர்கள் போவதில்லை. அவர்கள் தொழிலில் அது வெட்கம். அறக்கட்டளைக்கு நடந்ததை உள்ளபடி எழுதிவிட்டுத்தான் வந்ததாக வழியில் சொன்னாள். பிரெடெரிசியாவில் அக்கா தேத்தண்ணியும் றோல்ஸும் தந்தார். அவருக்கு முன்னால் பதினொரு கடிதத்தையும் எண்ணி ஒப்படைத்தேன். கையெழுத்து வைத்தார். மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லை," என்றார். அது மன்னிப்பில்லை என்பது எனக்கு விளங்கியது.

மெரெத்தா தன் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். "எங்கள் கொடையாளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது. எடுத்துவிடட்டுமா என்று கேட்கத்தான் வந்தேன்," என்றாள்.

அக்காவின் டெனிஷ் வயோதிபர் இல்லத்தில் பழகிய நல்ல டெனிஷ். "என் பெயரை ஏன் போட்டீர்கள்?" என்று கேட்டார். "நான் எழுதவில்லையே. அண்ணன் எழுதினார். அவரிடம் நீங்கள் கேட்கவேயில்லை. தொடர்பு இல்லை என்று இவர் எழுதினார்." என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

ஹென்னிங்கின் கேள்விக்குறியை நான் அன்று பிரெடெரிசியாவில் ஒரு சோபாவில் இருந்துகொண்டு வாங்கினேன். அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் அவ்வளவு சுலபமாக எழுதியிருக்கக் கூடாது.

மெரெத்தா அட்டையில் அக்காவின் பெயரை வெட்டினாள். "அண்ணனின் பெயரைச் சொல்லுங்கள்," என்றாள். அக்கா ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல எழுதினாள். முகவரி என்ற இடத்தில் நிறுத்தினாள். அக்கா யோசித்து, "இங்கேதான் வருவார்," என்றார். பிரெடெரிசியா முகவரியை எழுதினாள்.

அவ்வளவுதான் நடந்தது. பெட்டி அங்கே, நாங்கள் புகையிரதத்தில்.

மேல்மாடிக்காரர் ஒவ்வொரு மார்கழியும் கொடையாளர் எல்லோருக்கும் நன்றிக் கடிதம் அனுப்புவார்கள். கீழே இருந்து அதை நான் எத்தனையோ முறை கிண்டலடித்திருக்கிறேன். அந்த மார்கழியில் ஒன்று திரு. மரியதாஸ் அவர்களுக்கு, றீற்றா வீட்டு முகவரிக்குப் போனது. தை மாதம் றீற்றா அக்கா சப்பாத்துப் பெட்டியோடு எங்கள் வாசலில் நின்றார். பதினொரு கடிதங்களுக்கு மேலே அந்த நன்றிக் கடிதம், உடைக்காமல்.

"இது அவருக்கு வந்தது. நான் உடைக்கேல்லை. இதையும் சேர்த்து வையுங்கோ, வந்து பாப்பார்."

புதுப் பத்திரம் எழுதினோம். எழுதியவரின் அனுமதி என்ற கட்டத்தில் 'அவரிடம் கேட்கப்படும். அதுவரை எதுவும் வெளியிடப்படாது' என்று எழுதினேன். ஹென்னிங் வாசித்தார். "பாவிக்கலாம்," என்றார். அறக்கட்டளையும் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டது. தொகுப்பு இன்றும் இருக்கிறது. அதன்பிறகு நானும் மெரெத்தாவும் கொடுக்க வருகிறவர்களைச் சேர்ந்தேதான் சந்தித்தோம். அவள் அட்டையும் என் பத்திரமும் ஒரே மேசையில். இளம் ஆட்களுக்கு நான் டெனிஷில் எழுதிய பக்கத்தின் சாரம் இந்த ஒரு வரிதான்.

ஒவ்வொரு மார்கழியும் கடிதம் போனது. ஒவ்வொரு தையும் உடைக்காத உறை தபாலில் திரும்பி வந்தது. நான் பென்சிலால் இலக்கமிட்டுப் பெட்டியில் வைத்தேன். ஹென்னிங் ஓய்வுபெற்றார். டயானா தாதியானாள். உறைகள் கடிதங்களைவிடக் கூடப்போகும் காலமும் வந்தது.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் ஒரு நாள் மெரெத்தா கீழே இறங்கி வந்தாள். இப்போது அவளும் மெதுவாகத்தான் நடப்பாள். என் அறையில் ஏணிப்படியில் உட்கார்ந்தாள். றீற்றா அக்கா அவளுக்குத் தொலைபேசி எடுத்தாராம். இந்த வருடத்திலிருந்து அண்ணனுக்குக் கடிதம் வேண்டாம் என்றாராம். பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுப்பதென்றால் கணினி காரணம் கேட்கும். மூன்று காரணங்கள் இருக்கின்றன: முகவரி மாறிவிட்டது, கடிதம் பெற விருப்பமில்லை, இறந்துவிட்டார். மெரெத்தா எதையும் கேட்கவில்லை. விருப்பமில்லை என்பதைத் தெரிவு செய்வோம் என்று கையை வைத்திருக்கிறாள்.

"அப்போது அவரே சொன்னார்," என்றாள். "'அவர் இறந்துவிட்டார்' என்று. டெனிஷில். அப்படியே போடு என்றார்."



அன்று பின்னேரம் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். டயானாவுக்குக் கலியாணம் பேசுவதைச் சொன்னார். முழங்கால் நோவைச் சொன்னார். கடையில் பாரை மீன் வந்திருப்பதைச் சொன்னார். அரை மணித்தியாலம் போனது. வைக்கப் போகும்போதுதான் கேட்டார்.

"மெரெத்தா உங்களுக்குச் சொன்னவதானே தம்பி?"

"ஓம் அக்கா."

"அப்ப சரி," என்றார். "அதை நான் தமிழிலை ஒருக்காச் சொல்லத் தேவையில்லை."